பெரியவர்கள் பேசட்டும், நீங்கள் படிவத்தைப் போடுங்கள்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு மளிகைக் கடையில் 6 வருடமாகச் சரக்கறையைப் பார்த்துவந்தேன். இருப்பு குறைகிறது என்று, ஒரு வார்த்தை விசாரிக்காமல், "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்றுவிட்டார் முதலாளி. 19 நாளாகிறது. ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பாக்கிச் சம்பளம் தருவதாகச் சொல்லி அனுப்புகிறார். கோவில் கமிட்டிப் பெரியவர்களோ, "பேசி முடிக்கிறோம், பொறு" என்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் நீங்களாகவே போனதாக ஆகிவிடும்; பிறகு கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். தானாக விலகியவருக்கு யுஐஎஃப் (வேலையில்லாதோர் காப்பீட்டு நிதி) பணமும் பொதுவாகக் கிடையாது. வேலை பார்த்த நாளுக்கான சம்பளமும், எடுக்காத ஆண்டு விடுப்புக்கான பணமும் எப்படிப் பிரிந்தாலும் உங்களுடையவை. அவற்றைக் காட்டிப் பேரம் பேச அவருக்கு உரிமையில்லை.

அடுத்தது நாள் கணக்கு. தென்னாப்பிரிக்காவின் 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டப்படி, நீக்கப்பட்ட 30 நாளுக்குள் சிசிஎம்ஏவில் (தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் ஆணையம்) புகார் பதிவாக வேண்டும். சனி, ஞாயிறும் கணக்கில் உண்டு. உங்களுக்கு மிச்சம் 11 நாள். பெரியவர்கள் நல்ல மனதோடுதான் பேசுகிறார்கள், ஆனால் அவர்கள் பேசிக்கொண்டிருப்பதற்காகக் கெடு நிற்காது. தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கும்படி தனியாக மனுப் போட்டு, தக்க காரணம் காட்ட வேண்டும். "சமரசம் நடக்கும் என்று இருந்தேன்" என்பது பலவீனமான காரணம்.

எல்ஆர்ஏ 7.11 என்ற புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். கட்டணம் கிடையாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதிலேயே குறிப்பிடுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான்: நகலை முதலில் முதலாளிக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கான அத்தாட்சியோடு சிசிஎம்ஏவில் சேர்க்க வேண்டும். கையெழுத்துப் போட அவர் மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். (துணி ஆலைத் தொழிலாளியாக இருந்தால் அந்தத் துறையின் பேச்சுவார்த்தை மன்றத்துக்குப் போகவேண்டும்.)

சிசிஎம்ஏவில் முதலில் சமரசப் பேச்சு. அது முறிந்தால் பெரும்பாலும் அன்றைக்கே நடுவர் விசாரணையும் நடக்கும். பேசத்தானே கூப்பிடுகிறார்கள் என்று வெறுங்கையோடு போகாதீர்கள். சம்பளச் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி, சரக்கறைச் சாவி வேறு யார் யாரிடம் இருந்தது என்று சொல்லக்கூடிய சாட்சி, எல்லாம் கூட வரட்டும்.

நீக்கப்பட்டதை மட்டும் நீங்கள் காட்டினால் போதும். நீக்கியது நியாயம் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. குறைந்த இருப்பு உங்கள் கையால்தான் குறைந்தது என்று அவர் காட்ட வேண்டும். காட்டினாலும், குற்றச்சாட்டைச் சொல்லி உங்கள் பதிலைக் கேட்காதது நடைமுறைக் குறை. அந்த இடத்தில் உங்கள் வழக்கு வலுவானது என்பது என் கணிப்பு.

நியாயமற்றது என்று தீர்ப்பானால் மீண்டும் வேலை கேட்கலாம்; நடைமுறையில் மட்டும் தவறு என்றால் இழப்பீடுதான். இழப்பீட்டுக்கு வழக்கமான உச்சவரம்பு 12 மாதச் சம்பளம். சமரசத்தில் இரண்டு மூன்று மாதச் சம்பளத்துக்கு ஒத்துக்கொள்பவர்களும் உண்டு, அது தவறில்லை. எழுத்தில் வாங்குங்கள்.

யுஐஎஃப் தனி விஷயம். வழக்கு முடியட்டும் என்று காத்திராமல் இப்போதே விண்ணப்பியுங்கள்; நீங்கள் வேலை பார்த்த விவரத்தை முதலாளி எழுதித் தரும் யுஐ-19 படிவத்தை அவரிடம் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களிடம், "பேசுங்கள் ஐயா, படிவத்தையும் போட்டுவிட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். விசாரணைக்கு முந்தின நாள்கூட ஒத்துப்போய்ப் புகாரைத் திரும்பப் பெறலாம்.