டி.சி. திரையில் இருக்கிறது, சர்வரில் இல்லை

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. பெருமாநல்லூர் பக்கம் சின்னதா ஒரு பனியன் கம்பெனி வெச்சிருக்கறனுங்க. நிட்டிங்ல இருந்து வர்ற, சாயம் போடாத கிரே துணிய சாயப்பட்டறைக்கும் காம்பாக்டிங்குக்கும் அனுப்பறப்ப டி.சி. (டெலிவரி செல்லான், துணி கூடவே போற சீட்டு) போடறதுக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதி வாங்குனேன். பிரவுசர்லதான் ஓடுது. எம்பர்ங்கறதுல எழுதுனதுன்னு சொன்னாங்க. ஆபீஸ் பொண்ணு என்ட்ரி போட்டா லிஸ்ட்டுல வந்துருது, பிரிண்டும் வருது, துணியும் டெம்போவுல போயிருது. அடுத்த நாள் பாத்தா அதுல சில என்ட்ரியக் காணமுங்க. அழிச்ச என்ட்ரி சிலது மறுபடியும் வந்து நிக்குது. எழுதிக் குடுத்த தம்பி பெங்களூர் போயிட்டாப்ல. இப்ப ஒருத்தர் வந்து, சர்வர் பத்தலீங்க, பெருசா மாத்தோணும், ஒன்றரை லட்சம் ஆகும்ங்கறாரு. மாத்திரலாமுங்களா?

பதில்: மாத்த வேண்டாமுங்க. இப்போதைக்கு அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சர்வர் பற்றாவிட்டால் எல்லாமே மெதுவாகும். பக்கம் திறக்கவே நேரம் பிடிக்கும், எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் நின்று போகும். போட்ட என்ட்ரி சத்தமில்லாமல் காணாமல் போவதும், அழித்த என்ட்ரி திரும்பி வருவதும் அந்த நோயின் அறிகுறி அல்ல. உங்கள் இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான்: பிரவுசரில் நடந்த மாற்றம் சர்வருக்குப் போய்ச் சேரவில்லை, சேரவில்லை என்பதைத் திரை உங்களிடம் சொல்லவும் இல்லை.

எம்பர் என்பது பிரவுசரில் ஓடும் சாஃப்ட்வேர் எழுதுவதற்கான ஒரு கட்டமைப்பு. அதில் தகவலைக் கவனிக்கிற பகுதிக்கு எம்பர் டேட்டா என்று பெயர். ஒரு டி.சி.யில் பார்ட்டி (துணி போகிற பட்டறை), லாட், கிலோ, தேதி என்று என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அதில் ஒருமுறை எழுதி வைப்பார்கள், அது மாடல். அந்த மாடலின்படி நீங்கள் போடுகிற ஒவ்வொரு டி.சி.யும் ஒரு ரெக்கார்ட். இந்த ரெக்கார்டுகளை வைத்துக்கொள்ள, பிரவுசருக்குள்ளேயே ஸ்டோர் என்று ஓர் இடம் இருக்கிறது. கணக்குப்பிள்ளை கையில் இருக்கும் துண்டுச்சீட்டு மாதிரி அது. பேரேடு சர்வரில் இருக்கிறது. பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால், பிரவுசரை மூடினால், துண்டுச்சீட்டு போய்விடும்.

புரோகிராமர் ‘கிரியேட் ரெக்கார்ட்’ என்று எழுதினால் ரெக்கார்ட் ஸ்டோரில் மட்டும்தான் உண்டாகும். அதன் பிறகு ‘சேவ்’ என்று தனியாகச் சொன்னால்தான் சர்வருக்குக் கோரிக்கை போகும். இதற்கிடையில் உங்கள் லிஸ்ட் என்ன செய்கிறது தெரியுமா? ‘ஃபைண்ட் ஆல்’ கொடுக்கும் பட்டியல் ஸ்டோரையே பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்டோரில் ஒன்று சேர்ந்த அந்த நொடியே லிஸ்ட்டிலும் வந்துவிடும், சர்வருக்குப் போகாததும் சேர்த்துத்தான். ஆபீஸ் பெண் லிஸ்ட்டைப் பார்த்து ‘ஏறிருச்சு’ என்று நினைத்தது அவர் தப்பல்ல. ஏறாததையும் ஏறியதையும் ஒரே மாதிரி காட்டும்படி திரையை எழுதியவர் தப்பு. ஒவ்வொரு ரெக்கார்டிலும் ‘இஸ் நியூ’ என்று ஓர் அடையாளம் இருக்கிறது. சர்வர் ஏற்றுக்கொள்ளும் வரை அது ‘ஆம்’ என்றே இருக்கும். அதைப் பார்த்து அந்த வரியை வேறு நிறத்தில் காட்டச் சொல்லுங்கள். சில வரிகள் எழுதுகிற வேலை.

அழித்தது திரும்பி வருவதும் இதே கதை. ‘டெலீட் ரெக்கார்ட்’ என்ற கட்டளை, அழிக்க வேண்டியது என்று ரெக்கார்டின் மேல் குறி மட்டும் போடும். பின்னாலேயே சேவ் சொன்னால்தான் சர்வரில் அழியும். இரண்டையும் சேர்த்துச் செய்வது ‘டெஸ்ட்ராய் ரெக்கார்ட்’. ‘அன்லோட் ரெக்கார்ட்’ என்று இன்னொன்று இருக்கிறது. அது ஸ்டோரிலிருந்து மட்டும் எடுத்துப்போடும், சர்வரைத் தொடவே தொடாது. திரையிலிருந்து வரி மறைந்ததே போதும் என்று நினைக்கிறவர்கள் இதை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த முறை சர்வரிலிருந்து லிஸ்ட் வரும்போது எல்லாம் மறுபடி வந்து நிற்கும்.

இதை நீங்களே சோதிக்கலாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. குரோமில் அந்தப் பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். வருகிற பெட்டியின் மேலே நெட்வொர்க் என்று இருக்கும், அதைத் தொடுங்கள். இப்போது ஒரு என்ட்ரி போட்டு சேவ் பட்டனை அழுத்துங்கள். பெட்டியில் புதிதாக ஒரு வரி வர வேண்டும். வரியே வரவில்லை என்றால் சேவ் கட்டளை ஓடவே இல்லை. வரி வந்து 201 அல்லது 200 என்று இருந்தால் சர்வர் வாங்கிக்கொண்டது. 422 என்று சிவப்பாக வந்தால், தகவலில் ஏதோ சரியில்லை என்று சர்வர் திருப்பி அனுப்பியிருக்கிறது. 500 என்றால் சர்வரில் ஓடும் புரோகிராம் தடுமாறியிருக்கிறது. அதுவும் பெரும்பாலும் புரோகிராமை எழுதியதில் உள்ள தப்புதான், பெரிய மெஷின் வாங்கித் தீராது. அழிப்பதற்கும் இதேபோல் பாருங்கள்.

நான் முதலில் சந்தேகப்படுவது 422-ஐத்தான். காணாமல் போனவை எல்லாம் ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட லாட்களா என்று உங்கள் பேப்பர் காப்பிகளை வைத்துப் பாருங்கள். மாடலில் கிலோவை ‘நம்பர்’ என்று எழுதியிருப்பார்கள். ஆபீஸ் பெண் 1,250 என்று காற்புள்ளி வைத்து அடித்தால், எம்பர் டேட்டா அதை எண்ணாக மாற்ற முடியாமல் சர்வருக்கு வெற்றிடமாக அனுப்பிவிடும். கிலோ இல்லாத டி.சி.யை சர்வர் வேண்டாம் என்று சொல்லும். திரையிலோ அவர் அடித்த 1,250 அப்படியே நிற்கும். 380 கிலோ, 640 கிலோ எல்லாம் ஒழுங்காக ஏறியிருக்கும். இப்படி இருந்தால் ‘சிலது மட்டும்’ காணாமல் போவதன் மர்மம் விலகிவிடும். சர்வர் மறுத்த காரணம் அந்த ரெக்கார்டின் ‘எரர்ஸ்’ என்ற பகுதியில் வந்து உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துத் திரையில் காட்ட எழுதியவர் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

இதில் எனக்குக் கோபம் வருவது பிரிண்ட் விஷயத்தில். சேவ் என்பது சொன்ன கையோடு முடிகிற வேலை அல்ல. சர்வர் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும், அந்தப் பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும். உங்கள் சாஃப்ட்வேர் சேவ் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே பிரிண்ட்டை ஓட்டுகிறது. அதனால்தான் கணக்கில் இல்லாத பேப்பரோடு டெம்போ கிளம்புகிறது. ஜி.எஸ்.டி. விதி 55-ன்படி டி.சி.க்குத் தொடர் எண் இருக்க வேண்டும். ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கூலிக்கு வேலை செய்து வாங்க) அனுப்பிய துணி 1 வருடத்துக்குள் திரும்பி வராவிட்டால், அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்கு வைத்து வரி கேட்பார்கள். சாஃப்ட்வேர் தின்றுவிட்டது என்று அங்கே போய்ச் சொல்ல முடியுமா? சட்டத்துக்கு எழுதியவரைத் தெரியாது, சர்வர் விற்கிறவரைத் தெரியாது, உங்களை மட்டும்தான் தெரியும். டி.சி. எண்ணையும் பிரவுசரே லிஸ்ட்டை எண்ணி அடுத்த எண் போடுகிறதா என்று கேளுங்கள். அப்படியென்றால் காணாமல் போன ஒவ்வொரு என்ட்ரியும் அடுத்த டி.சி.க்கு அதே எண்ணைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கும். இரண்டு சாயப்பட்டறைக்கு ஒரே எண் போயிருக்கும். எண்ணை சர்வர் கொடுக்க வேண்டும். சேவுக்கு வரும் பதிலிலேயே அது ரெக்கார்டில் வந்து சேர்ந்துவிடும். அது வந்த பிறகுதான் பிரிண்ட் பட்டன் உயிர் பெற வேண்டும். சேவ் ஓடிக்கொண்டிருக்கும்போது சேவ் பட்டனும் பூட்டியிருக்கட்டும். அவசரத்தில் இரண்டு முறை அழுத்தினால் இரண்டு டி.சி. உண்டாகும்.

நெட் போன நேரத்தில் சேவ் தோற்றால் பதற வேண்டாம். ரெக்கார்ட் ஸ்டோரில் அப்படியேதான் இருக்கும், நெட் வந்ததும் மறுபடி சேவ் கொடுக்கலாம். அதற்குள் யாரும் எஃப்5 அழுத்தி ரெஃப்ரெஷ் செய்யாமல் இருந்தால் போதும்.

கேன்சல் பட்டனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சரிசெய்ய வருகிறவர் அதில்தான் புதுத் தப்பைக் கொண்டுவருவார் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். என்ட்ரியைத் திருத்த ஆரம்பித்து, வேண்டாம் என்று விட்டால் பழையபடி ஆக்க ‘ரோல்பேக் ஆட்ரிபியூட்ஸ்’ என்ற கட்டளை இருக்கிறது. எம்பர் டேட்டாவில் 2015-ல் வந்த 1.13 பதிப்புக்கு முன் இதற்கு வெறும் ‘ரோல்பேக்’ என்று பெயர். பழைய கோடில் அப்படித்தான் இருக்கும். புதிதாக உண்டாக்கி சேவ் ஆகாத ரெக்கார்டின் மேல் இதைச் சொன்னால் ரெக்கார்டே போய்விடும், லிஸ்ட்டில் அரைகுறை வரி நிற்காது. இதுவரை நல்லது.

ஆனால் பெயரைக் கவனியுங்கள்: ஆட்ரிபியூட்ஸ் மட்டும். கிலோ, தேதி, லாட் போன்றவை ஆட்ரிபியூட்ஸ். சாயப்பட்டறை அப்படி அல்ல. அது தனியாக ஒரு பார்ட்டி ரெக்கார்ட், டி.சி.யில் அதற்கு ஓர் இணைப்பு மட்டும் இருக்கும். ‘பிலாங்ஸ் டூ’ என்று எழுதியிருப்பார்கள். இந்த இணைப்பை ரோல்பேக் ஆட்ரிபியூட்ஸ் திருப்பாது. 214-ம் எண் டி.சி. அவிநாசி ரோட்டுச் சாயப்பட்டறைக்குப் போனது, 380 கிலோ என்று வையுங்கள். ஆபீஸ் பெண் அதைத் திறந்து, வேறொரு டி.சி. என்று நினைத்து, கிலோவை 410 ஆக்கி, பார்ட்டியை வீரபாண்டிப் பட்டறை என்று மாற்றிவிட்டார். உடனே தப்பு தெரிந்து கேன்சல் அழுத்துகிறார். கிலோ 380-க்குத் திரும்பிவிடும். பார்ட்டி வீரபாண்டியாகவே நிற்கும். கிலோ சரியாக இருப்பதைப் பார்த்து அவரும் நிம்மதியாகப் போய்விடுவார். ரெஃப்ரெஷ் செய்யாமல், சாயங்காலம் வண்டி நம்பர் சேர்ப்பதற்காக அதே டி.சி.யைத் திறந்து சேவ் கொடுத்தால் என்ன ஆகும்? எம்பர் டேட்டா சாதாரணமாக மாறியதை மட்டும் அனுப்பாது, முழு ரெக்கார்டையும் அனுப்பும். வண்டி நம்பரோடு வீரபாண்டியும் சர்வருக்குப் போய் உட்கார்ந்துவிடும். எரர் வராது, சிவப்பு வராது, 200 என்றே வரும். வருடக் கடைசியில் அவிநாசி ரோட்டுக்காரர் கணக்கில் 380 கிலோ குறையும், வீரபாண்டிக்காரர் வாங்காத துணிக்குப் பதில் சொல்வார். உங்கள் மூன்று பேருக்கும் சண்டை வரும்.

இதற்கு வழி இரண்டு. திருத்தத் தொடங்கும் முன்னே பழைய பார்ட்டியைத் தனியாக எடுத்து வைத்து, கேன்சலில் அதைத் திரும்பப் போடுவது ஒன்று. ஃபார்மை ரெக்கார்டோடு நேரே இணைக்காமல் தனி நகலில் திருத்தவிட்டு, சேவ் அழுத்தும்போது மட்டும் ரெக்கார்டில் ஏற்றுவது இன்னொன்று. நான் இரண்டாவதைத்தான் செய்யச் சொல்வேன். கேன்சல் என்றால் நகலைத் தூக்கிப் போட்டால் முடிந்தது.

இரண்டு கம்ப்யூட்டரில் வேலை நடந்தால் இன்னொன்று: ஒன்றில் அழித்தது மற்றதின் லிஸ்ட்டில், பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்யும் வரை நிற்கும். சர்வர் அனுப்பிய லிஸ்ட்டில் ஒரு ரெக்கார்ட் இல்லை என்பதற்காக ‘ஃபைண்ட் ஆல்’ அதை ஸ்டோரிலிருந்து எடுக்காது. அழித்தது திரும்பி வந்ததாக நீங்கள் சொன்னதில் சிலது இதுவாகவும் இருக்கலாம்.

இனி அந்த ஒன்றரை லட்சத்துக்காரர். திருப்பூரிலும் கோவையிலும் ஈரோட்டிலும் இப்படி ஒரு கூட்டம் அலைகிறது. கோடைத் திறந்து பார்க்க மாட்டார்கள், எஃப்12 அழுத்த மாட்டார்கள், வாயைத் திறந்தால் சர்வர். ஹோஸ்டிங் (சர்வர் வாடகை) விற்றால் அவர்களுக்குக் கமிஷன் உண்டு, நாலு வரி திருத்தினால் கமிஷன் இல்லை. சர்வர் மாற்றுகிறேன் என்று வந்து, உங்கள் இணைய முகவரியான டொமைனைத் தங்கள் பெயரில் பதிந்துகொள்வார்கள். அதற்கப்புறம் வருடா வருடம் நீங்கள்தான் அவர்கள் பின்னால் நடக்க வேண்டும். உங்கள் டொமைன் உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பெங்களூர் போன தம்பியிடம் பேசி முழு சோர்ஸ் கோடையும் டேட்டாபேஸ் பேக்கப்பையும் வாங்கி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோட் இல்லாமல் யாராலும் எதையும் திருத்த முடியாது. காசு கொடுத்து எழுதி வாங்கியவர் அதைக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

அந்தத் தம்பியை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மூன்று மாதக் கோர்ஸ் நடத்துகிற இடங்களில் கிரியேட், சேவ், லிஸ்ட் என்று எல்லாம் சரியாக நடக்கிற வழியை மட்டும் காட்டி சர்டிபிகேட் கொடுத்து அனுப்புகிறார்கள். சர்வர் மறுத்தால் என்ன, நெட் போனால் என்ன, இரண்டு பேர் ஒரே ரெக்கார்டைத் திறந்தால் என்ன என்று ஒரு நாள்கூடப் பாடம் நடப்பதில்லை. அந்தப் படிப்பின் விலையை உங்களைப் போன்றவர்கள் கிலோ கணக்கில் கட்டுகிறீர்கள்.

எம்பர் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். ‘எல்லாத்தையும் ரியாக்ட்டில் புதுசாக எழுதணும்’ என்று (ரியாக்ட் என்பது எம்பர் போல இன்னொன்று) தொடங்குகிறவர் வேண்டாம்; சேவுக்குக் காத்திருக்கத் தெரியாதவர் எதில் எழுதினாலும் இதே கதிதான். சேவ், டெலீட், கேன்சல் மூன்று பட்டனையும் சரிசெய்து, நெட்டைப் பிடுங்கிவிட்டு உங்கள் கண் முன்னால் என்ட்ரி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். திரை எரர் காட்ட வேண்டும், பிரிண்ட் வரக்கூடாது. அதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

காணாமல் போன என்ட்ரிகளை சர்வரில் தேட வேண்டாம், அவை அங்கே பதிவாகவே இல்லை. டி.சி. மூன்று பிரதி போட வேண்டும் என்பது விதி, மூன்றாவது உங்களிடம் இருக்க வேண்டியது. அதை எண் வரிசையில் அடுக்கி, லிஸ்ட்டோடு ஒப்பிட்டு, விட்டுப்போனதை அதே பழைய எண்ணிலும் தேதியிலும் ஏற்றுங்கள். எண் இரட்டித்திருந்தால் நீங்களாகத் திருத்த வேண்டாம், உங்கள் ஆடிட்டரிடம் காட்டிவிட்டுத் தொடுங்கள். பேப்பர் காப்பியும் இல்லாதவற்றுக்கு சாயப்பட்டறையில் கேளுங்கள்; துணியோடு போன ஒரிஜினல் அவர்கள் ஃபைலில் இருக்கும்.