லைன் இல்லாத நாளில் சாமான் கொடுப்பதா வேண்டாமா: ராணுவ லாஜிஸ்டிக்ஸ் மென்பொருள் ஏன் இழுக்கிறது?

உங்கள் கேள்வி இது: கோவையில் ஒரு ஐடி கம்பெனியில் இருக்கிறீர்கள். மில்லுக்கும் பவுண்டரிக்கும் ஆறேழு மாதத்தில் ஈஆர்பி, அதாவது சரக்கு முதல் கணக்கு வரை எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள், போட்டுக் கொடுத்துவிடுகிறீர்கள். இப்போது ராணுவச் சரக்கு மேலாண்மை வேலை ஒன்று வரும்போலிருக்கிறது. அதே மாதிரி மென்பொருள் ராணுவ நெட்வொர்க்குக்குள் போனால் மட்டும் ஏன் வருடக்கணக்கில் இழுக்கிறது?

நான் இரண்டு பக்கமும் வேலை பார்த்தவன். எந்தப் பிரிவு, எந்த இடம் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. வேலையின் தன்மையைச் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சூலூர் பக்கம். விமானப்படைத் தளத்திலிருந்து ஏறும் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தேன். ஆனால் இந்த வேலைக்குள் வந்தது பல்லடத்தில் ஒரு ஸ்பின்னிங் மில் வழியாக. அங்கே லைன், அதாவது நெட் இணைப்பு, போனால் மேனேஜர் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுப்பார். ஸ்டாக் முழுவதையும் எண்ணிப் புதுக் கணக்குக்கு மாற்ற வேண்டுமா, தீபாவளி லீவில் முடித்துவிடுவோம். யாருக்காவது மனம் இல்லையென்றால் முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த மூன்றும் ராணுவத்தில் கிடையாது. ஹாட்ஸ்பாட் கிடையாது, கடையைச் சாத்துகிற நாள் கிடையாது, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே முதலாளி என்று ஒருவரும் கிடையாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ‘ராணுவ நெட்வொர்க்’ என்று நாம் ஒருமையில் சொல்கிறோம். அப்படி ஒன்று இல்லை. இந்திய விமானப்படை தனக்கென ஏஎஃப்நெட் என்ற ஃபைபர் நெட்வொர்க்கை 2010 செப்டம்பரில் தொடங்கியது. தரைப்படைக்கும் கடற்படைக்கும் அவரவர் நெட்வொர்க் தனி. அதற்குள்ளும் ரகசிய நிலைக்கு ஏற்றபடி பிரிவுகள். சில இடங்களில் ஒரு கட்டடத்துக்குள் மட்டும் ஓடும், வெளியுலகத்தோடு எந்தக் கம்பியும் இல்லாத நெட்வொர்க். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் வேறு, விதி வேறு. உங்கள் மென்பொருள் இவை அத்தனையின் மேலும் ஒரே கணக்காக ஓட வேண்டும்.

இது காகிதத்தில் படிக்கும்போது புரியாது. ஒரு ராணுவச் சரக்கு டிப்போவில் நாங்கள் பத்து நாள் தவித்ததைச் சொன்னால் புரியும். லாகின் ஆகிறது. சின்ன ஸ்கிரீன்கள் திறக்கின்றன. ஐந்து பொருளைத் தேடினால் வருகிறது. நூறு வரி உள்ள இன்டென்ட் (சரக்குக் கோரிக்கை) ரிப்போர்ட்டைக் கேட்டால் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. டேட்டாபேஸ் ஆட்கள் நெட்வொர்க்கைக் கைகாட்டினார்கள். நெட்வொர்க் ஆட்கள் ‘பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறதே’ என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். இரண்டு முனையிலும் இருந்த மறையாக்கப் பெட்டி, அதாவது தகவலை வெளியார் படிக்க முடியாதபடி மாற்றும் கருவி, ஒவ்வொரு பாக்கெட்டின் (தகவல் துண்டின்) மேலும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறது. வழக்கமான 1500 பைட் பாக்கெட் அதற்கப்புறம் பாதைக்குள் அடங்காது. வழியில் உள்ள ரவுட்டர் ‘பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு’ என்று திருப்பிச் சொல்லும். ஆனால் அந்த வகைத் தகவலையே பாதுகாப்புக்காக ஃபயர்வால் ஒன்று தடுத்து வைத்திருந்தது. அனுப்பிய சர்வருக்கு விஷயமே தெரியாமல் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. பிங் சின்ன பாக்கெட், அதனால் போய்வந்தது.

தீர்வு, பாக்கெட் அளவின் உச்சவரம்பைக் குறைக்கும் இரண்டு வரி. அதை எழுத இரண்டு நிமிடம். அதற்கு அனுமதி வாங்க மூன்று வாரம். சர்வர் ஒருவர் பொறுப்பு, மறையாக்கப் பெட்டி இன்னொருவர் பொறுப்பு, ஃபயர்வால் மூன்றாமவர் பொறுப்பு. யாரும் வேண்டுமென்று தாமதம் செய்யவில்லை. தன் பகுதியில் ஒரு வரி மாறினால் என்ன திறந்துகொள்ளும் என்று யோசிக்கத்தான் அவர்களுக்குச் சம்பளம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் திட்ட அட்டவணையில் அந்த மூன்று வாரத்துக்கு இடம் இருக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக.

செயற்கைக்கோள் இணைப்பில் இருக்கும் முகாம்களுக்கு வேறு கஷ்டம். புவிநிலைச் செயற்கைக்கோள் சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடிக்குக் குறையாது. ஒரு ஸ்கிரீனைத் திறக்க உங்கள் மென்பொருள் சர்வரோடு நாற்பது முறை பேசினால் இருபது விநாடி போய்விட்டது. சரவணம்பட்டி ஆபீஸில் அதே ஸ்கிரீன் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்திருக்கும், நாமும் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருப்போம்.

இனி நான் உண்மையாகப் பாடம் படித்த இடம். வடக்கே மலைப்பகுதியில் ஒரு ஸ்டோர்ஸ். அங்கே கணக்குப் பார்த்தவர் அந்தியூர்க்காரர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தவர். நான் பேசியதைக் கேட்டதும், “தம்பி, நீங்க எந்த ஊருங்க?” என்று பக்கத்தில் வந்தார். ஊர்க்கதை முடிந்ததும் கேட்டார்: “வண்டி வெளிய நிக்குது. பேன் பெல்ட் அந்துபோச்சு. பெல்ட் எங்கிட்ட இருக்குது. உங்க ஸ்கிரீன் சுத்தீட்டே இருக்குது. லைன் இல்லீன்னா நான் சாமான் குடுக்கறதா வேண்டாமா, அதைய மட்டும் சொல்லீட்டுப் போங்க.”

எனக்குப் பதில் தெரியவில்லை. “கேட்டுச் சொல்றேனுங்கண்ணா” என்றேன். அவர் காத்திருக்கவில்லை. பின் கார்டில் (ஒவ்வொரு பொருளின் அடுக்கிலும் வைத்திருக்கும் கையிருப்பு அட்டை) எழுதிக்கொண்டு பெல்ட்டைக் கொடுத்துவிட்டார். அதுதான் சரி. மூன்று நாள் லைன் வரவில்லை, மூன்று நாளும் அப்படித்தான் கொடுத்தார். நான்காம் நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் உட்கார்ந்து ஏற்றினார். எங்கள் மென்பொருள், பொருள் போன தேதியைக் கேட்காமல் ஏற்றிய தேதியையே எழுதிக்கொண்டது. அவசரத்தில் இரண்டு வவுச்சர் விட்டுப்போனது. இதற்கிடையில், இல்லாத சரக்கை இருப்பதாகத் திரையில் பார்த்து இன்னொரு யூனிட்டுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் லாரி ஒரு நாள் முழுக்க மலையேறி வந்து வெறுமனே திரும்பியது. அந்த லாரி டிரைவரின் முகம் இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது. தப்பு முழுக்க எங்கள் வடிவமைப்பில்.

மில்லில் லைன் போவது விபத்து. ராணுவத்தில் அது எதிர்பார்க்க வேண்டிய நிலை, சில நேரம் அவர்களே வேண்டுமென்று தொடர்பை அணைத்து வைப்பார்கள். அதனால் நான் இன்று பிடிவாதமாகச் சொல்வது இதுதான்: கையில் சரக்கு இருக்கும் இடத்தின் கணக்குத்தான் கணக்கு. தலைமையகத்தில் தெரிவது அதன் நகல், எந்த நேரத்து நகல் என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நம்முடைய வழக்கமான ஈஆர்பி இதற்கு நேர்மாறாகக் கட்டப்பட்டது. மையத்தில் ஒரு டேட்டாபேஸ், அதில் பதிவானால்தான் உண்மை.

எங்கள் பக்கத்து விவசாயிக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் தண்ணீர் நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் வருகிறது. முறை வராத காலத்தில் தென்னையைக் காயவிட முடியாது. கிணற்றில் இருப்பதை வைத்து ஓட்டுவார்கள், முறை வந்ததும் வாய்க்காலைத் தயாராக வைத்து, வந்த நேரத்துக்குள் பாய்ச்சி முடிப்பார்கள். மென்பொருளும் அப்படி இருக்க வேண்டும். ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் அந்த இடத்திலேயே ஒரு தொடர் எண், பொருள் போன உண்மையான நேரம். லைன் வந்ததும் வரிசையாக மேலே போக வேண்டும். பாதியில் அறுந்தால் விட்ட எண்ணிலிருந்து தொடர வேண்டும், இரண்டு முறை போனாலும் ஒரு முறைதான் கணக்கில் ஏற வேண்டும். சில இடங்களில் தகவல் ஒரே திசையில் மட்டும் போகும்படி கருவி வைத்திருப்பார்கள், ‘கிடைத்தது’ என்ற பதில்கூடத் திரும்பி வராது. அங்கே அந்தத் தொடர் எண்தான் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும் ஒரே வழி.

சின்னச் சின்னதாகக் குத்துவதும் நிறைய. வெளித்தொடர்பு இல்லாத நெட்வொர்க்கில் கணினிக் கடிகாரங்கள் மெல்ல விலகும். கெர்பரோஸ் என்ற லாகின் சரிபார்ப்பு முறையில், வழக்கமான அமைப்பில் வித்தியாசம் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் லாகின் மறுக்கப்படும். செல்லாத மின்னணுச் சான்றிதழ்களின் பட்டியல் புதுப்பிக்கப்படாவிட்டால் நல்ல லாகின் கார்டையும் உள்ளே விடாது. டேட்டாபேஸ் கம்பெனியான ஆரக்கிள் பல ஆண்டுகளாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டு வருகிறது. ஒன்றைச் சோதித்து, சிடியில் எழுதி, ஸ்கேன் செய்து, கையெழுத்து வாங்கி உள்ளே கொண்டுபோவதற்குள் அடுத்தது வந்துவிடும். அப்புறம் ஆட்கள். நீங்கள் பயிற்சி கொடுத்தவர் இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்.

தரவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரே பேரிங் ஒரு லெட்ஜரில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர், மூன்றாவதில் கம்பெனி பார்ட் நம்பர். இதற்காகத்தான் நேட்டோ முறையில் 13 இலக்கச் சரக்கு எண் இருக்கிறது: முதல் நான்கு பொருளின் வகை, அடுத்த இரண்டு நாடு, மீதி ஏழு அந்தப் பொருளுக்கே உரியது. இந்தியாவின் எண் 72. பழைய லெட்ஜரிலிருந்து இந்த எண்ணுக்கு மாற்றும் வேலையை மென்பொருள் செய்யாது. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கத் தெரிந்தவர் செய்ய வேண்டும்.

ரகசியமும் விசித்திரமானது. ஒரு முகாமின் ரொட்டி, போர்வை எண்ணிக்கை தனியாகப் பார்த்தால் ரகசியமாகத் தோன்றாது. எல்லா முகாமின் எண்ணிக்கையையும் ஒரே ரிப்போர்ட்டில் போட்டால், எங்கே எத்தனை பேர் என்று வெளிப்பட்டுவிடும். ‘எல்லாவற்றையும் ஒரே திரையில்’ என்பது மில் முதலாளியிடம் நாம் பெருமையாகச் சொல்வது. இங்கே அந்தத் திரைதான் சிக்கல்.

இது நம் நாட்டுக் கதை மட்டும் இல்லை. அமெரிக்க விமானப்படை, 200-க்கும் மேற்பட்ட பழைய சரக்கு மென்பொருள்களுக்குப் பதிலாக ஈசிஎஸ்எஸ் என்று ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தது. சுமார் 100 கோடி டாலர் செலவழித்துவிட்டு 2012 நவம்பரில் கைவிட்டது. 2014-இல் வந்த செனட் விசாரணை அறிக்கை, தன்னிடம் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்பதே விமானப்படைக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்றது. எஃப்-35 விமானத்தின் ஏலிஸ் என்ற பராமரிப்பு மென்பொருளில், உதிரிபாகத்தின் மின்னணுப் பதிவு தவறாகவோ இல்லாமலோ போனதால், பறக்கத் தகுதியான விமானமும் தரையில் நின்றது. அதை மாற்றி ஒடின் என்று புதிதாகக் கொண்டுவருவதாக 2020 ஜனவரியில் அறிவித்தார்கள். அதே அமெரிக்காவின் தரைப்படை, எஸ்ஏபி என்ற ஈஆர்பி-யின் மேல் கட்டிய ஜிசிஎஸ்எஸ்-ஆர்மி என்ற சரக்கு மென்பொருளை இரண்டு அலையாகப் பிரித்தது. முதலில் கிடங்குகள், அப்புறம் யூனிட்டுகளின் சொத்துக் கணக்கும் பராமரிப்பும். இரண்டாவது அலை 2017-இல் முடிந்தது. மெதுவாகப் போனார்கள், போய்ச் சேர்ந்தார்கள்.

உங்கள் டீமுக்கு வேலை கிடைத்தால், வசதிகளின் பட்டியலுக்கு முன்னால் மூன்று விஷயத்தைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மிகத் தூரத்து இடத்தில் அதிகபட்சம் எத்தனை நாள் லைன் இருக்காது? வழியில் உள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் யார் பொறுப்பு? லைன் இல்லாதபோது பட்டுவாடா செய்ய யாருக்கு அதிகாரம்? மூன்றாவது கேள்விக்கு மென்பொருள்காரர் பதில் சொல்லக் கூடாது, படையினர்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் இப்போது ஒவ்வொரு பதிப்பையும் வெளியே விடும் முன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேபிளைப் பிடுங்கிவிடுகிறோம். திங்கள் காலை மறுபடி சொருகி, மேலே வந்த கணக்கும் காகிதத்தில் உள்ள கணக்கும் ஒன்றா என்று வரி வரியாகப் பார்க்கிறோம். அந்த இரண்டரை நாளும் உட்கார்ந்து வவுச்சர் போடுவது புரோகிராமர்கள் இல்லை. அந்தியூரிலிருந்து பஸ் ஏறி வருகிறார் அந்த அண்ணன். பின் கார்டைக் கூடவே கொண்டுவந்து அதிலும் எழுதிக்கொள்கிறார். இரண்டும் ஒத்துப்போகும்வரை பதிப்பு வெளியே போகாது.