டிவிசி பாயிண்ட் கணக்கை லினக்ஸில் போடுவது எப்படி? கேள்வி பதில்

டிஸ்னி வெகேஷன் கிளப் (டிவிசி) என்பது டிஸ்னியின் டைம்ஷேர்: உறுப்பினருக்கு வருடாவருடம் பாயிண்ட் வரும், அதைக் கொடுத்து ரிசார்ட்டில் தங்கலாம். அந்தப் பாயிண்ட்களைத் திட்டமிடும் மென்பொருள் பற்றி, அதுவும் லினக்ஸ், குரோம்புக், பழைய மேக் வைத்திருப்பவர்கள் கேட்டவை. மற்ற டைம்ஷேர்களுக்கு இங்கே விரிவான பதில் கிடைக்காது.

கேள்வி: சார், உபுண்டுவில் நேரடியாக ஓடும் நல்ல பாயிண்ட் பிளானர் எது? தேடினால் வருவதெல்லாம் விண்டோஸுக்குத்தான்.

பதில்: தேடுவதை நிறுத்துங்கள். இந்த வகை புரோகிராம்கள் சாவதற்குக் காரணம் இயங்குதளம் இல்லை, பாயிண்ட் சார்ட், அதாவது எந்த இரவுக்கு எத்தனை பாயிண்ட் என்ற அட்டவணை. ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒவ்வொரு ரிசார்ட்டுக்கும் புது சார்ட் வருகிறது. எழுதியவர் இரண்டு வருடம் சார்ட்டைப் புதுப்பிக்காமல் விட்டால், புரோகிராம் அழகாகத் திறக்கும், தப்பான எண்ணைச் சொல்லும். திறக்காத புரோகிராமைவிட அது ஆபத்து.

இரவுக்கு எத்தனை பாயிண்ட் என்று மட்டும் தெரிய வேண்டுமா? பிரவுசரில் ஓடும் கணிப்பான்கள் போதும், எந்த இயங்குதளமானாலும் சரி. ஆனால் எது எப்போது காலாவதி, எதை எந்தத் தேதிக்குள் பேங்க் செய்ய (அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க) வேண்டும் என்பதற்கு லிப்ரே ஆபிஸின் விரிதாளான கால்க்கில் நான்கு தாள் போடுங்கள்.

முதல் தாள் ஒப்பந்தம்: ஹோம் ரிசார்ட் (நீங்கள் பாயிண்ட் வாங்கிய ரிசார்ட்), வருடப் பாயிண்ட், யூஸ் இயர் மாதம் (உங்கள் பாயிண்ட் வருடம் தொடங்கும் மாதம்). இரண்டாவது பாயிண்ட் பேரேடு. மூன்றாவது சார்ட். நான்காவது பயணங்கள்.

உயிர் இருப்பது பேரேட்டில். ஒரு கொத்துப் பாயிண்டுக்கு ஒரு வரி: எந்த யூஸ் இயர், சொந்தமா பேங்க் செய்ததா பாரோ செய்ததா (அடுத்த வருடத்திலிருந்து முன்கூட்டி எடுத்ததா), எத்தனை, கடைசித் தேதி. 160 பாயிண்ட், ஜூன் யூஸ் இயர் என்று வையுங்கள். 2025 யூஸ் இயர் என்பது 2025 ஜூன் 1 முதல் 2026 மே 31 வரை. பேங்க் செய்ய எட்டாவது மாதத்தின் கடைசி நாள், அதாவது 2026 ஜனவரி 31 கெடு. ஃபார்முலா: யூஸ் இயர் தொடங்கும் தேதிக்கு ஈடேட் (தேதியை மாதக் கணக்கில் நகர்த்தும் சார்பு) 8, அதில் ஒன்றைக் கழியுங்கள். 60 பாயிண்ட் பேங்க் செய்தால் புது வரி: 60, கடைசித் தேதி 2027 மே 31. பழைய வரியில் 100 ஆக்குங்கள். பேங்க் செய்ததை மறுபடி பேங்க் செய்யவோ திருப்பவோ முடியாது. அதனால் அந்த வரியில் பேங்க் கெடு கட்டத்தைக் காலியாக விடுங்கள், இல்லாவிட்டால் தாள் இல்லாத நம்பிக்கையைக் கொடுக்கும்.

எதற்கும் முன்னால் கட்டத்தில் இருப்பது தேதிதானா என்று பாருங்கள். கால்க்கில் கன்ட்ரோல் எஃப்8 அழுத்தினால் எண்ணும் தேதியும் நீலமாகும், எழுத்து கருப்பாகவே நிற்கும், ஃபார்முலா பச்சை. கருப்பாகத் தெரியும் தேதி தேதியே இல்லை.

கேள்வி: அண்ணா, ஈடேட் போட்டால் 46127 என்று வருகிறது. ஃபார்முலா தப்பா?

பதில்: சரியாகத்தான் இருக்கிறது. அது 2026 ஏப்ரல் 15. கட்டத்தின் ஃபார்மேட்டைத் தேதி ஆக்குங்கள்.

கேள்வி: சார்ட் பிடிஎஃப் ஆகத்தான் கிடைக்கிறது. எல்லாவற்றையும் கையால் அடிக்க வேண்டுமா?

பதில்: பாப்ளர் யூட்டில்ஸ் தொகுப்பில் வரும் பிடிஎஃப்-டு-டெக்ஸ்ட்டை லேஅவுட் விருப்பத்தோடு ஓட்டுங்கள், பத்திகள் ஓரளவு வரிசையாக வரும். எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பருவத் தேதிகளை மட்டும் கையால் அடியுங்கள். ஒரே பருவத்துக்கு மூன்று நான்கு தேதி இடைவெளிகள் இருக்கும், அங்கேதான் தானியங்கிப் பிரிப்பு குழம்பும்.

அடுக்கும் முறை: ஒவ்வோர் இடைவெளியின் தொடக்கத் தேதி முதல் பத்தியில், ஏறுவரிசையில். பக்கத்தில் ஸ்டுடியோ ஞாயிறு–வியாழன், ஸ்டுடியோ வெள்ளி–சனி, ஒரு படுக்கையறை ஞாயிறு–வியாழன் என்று போய்க்கொண்டே இருக்கட்டும். முடிவுத் தேதி தேவையில்லை. அட்டவணையில் தேடும் வீலுக்கப் சார்பில் தோராயப் பொருத்தம் போட்டால் அந்த இரவுக்கு முந்தைய கடைசித் தொடக்கத் தேதியை அதுவே பிடிக்கும். வரிசை குலைந்தால் பிழை காட்டாது, பக்கத்துப் பருவத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கும்.

வாரநாள் சார்பு ஞாயிறை 1 என்று எண்ணும். 6, 7 வந்தால் வெள்ளி, சனி இரவு. செக்-அவுட் நாளுக்குப் பாயிண்ட் இல்லை. ஞாயிறு வந்து அடுத்த ஞாயிறு போனால் ஏழு இரவு, அதில் இரண்டுதான் வார இறுதி.

கேள்வி: என்னிடம் பழைய விண்டோஸ் பிளானர் இருக்கிறது, எம்டிபி (ஆக்சஸ் தரவுத்தள) கோப்பில் ஆறு வருடக் கணக்கு. லினக்ஸில் விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டும் வைனில் ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம். ஆனால் வெளியே எடுப்பதற்கு மட்டும் ஓட்டுங்கள். அதற்குக்கூட வைன் தேவைப்படாது: எம்டிபி-டூல்ஸ் நிறுவி, எம்டிபி-டேபிள்ஸால் அட்டவணைப் பெயர்களைப் பாருங்கள், எம்டிபி-எக்ஸ்போர்ட்டால் ஒவ்வொன்றையும் சிஎஸ்வி ஆக்குங்கள். வேலை முடிந்தது.

திரையைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் தனி 32-பிட் பிரீஃபிக்ஸ் (வைனுக்கான விண்டோஸ் கோப்புறை) உருவாக்கி, வைன்டிரிக்ஸில் விபி6 ரன்டைம், எம்டாக், ஜெட் 4 (பழைய புரோகிராமும் தரவுத்தளமும் கேட்கும் பாகங்கள்) மூன்றையும் போடுங்கள். புரோகிராம் திறந்து, "தரவுத்தளத்தைத் திறக்க முடியவில்லை" என்றால் பெரும்பாலும் ஜெட் இல்லை என்று அர்த்தம். எம்டிபி கோப்பின் நகலைக் கொடுங்கள், மூலத்தை அல்ல.

சிஎஸ்வியைக் கால்க்கில் இறக்கும்போது தேதிப் பத்தியின் தலையைச் சொடுக்கி "மாதம்-நாள்-ஆண்டு" என்று சொல்லுங்கள். கணினி மொழி அமைப்பு இந்திய ஆங்கிலமாக இருந்தால் 03/04 ஏப்ரல் 3 ஆகிவிடும், 03/15 எழுத்தாக நின்றுவிடும். பாதி சரி, பாதி தப்பு. கன்ட்ரோல் எஃப்8.

கேள்வி: 11 மாத முன்பதிவு விண்டோவுக்கு செக்-இன் தேதியில் 330 கழித்து வைத்திருக்கிறேன். ஈடேட் எதற்கு? 11 பெருக்கல் 30 தானே?

பதில்: ஹோம் ரிசார்ட்டில் முன்பதிவு திறப்பது செக்-இன்னுக்கு 11 மாதம் முன்பு. 330 நாள் முன்பு அல்ல. 2027 மார்ச் 15 செக்-இன் என்றால் திறப்பது 2026 ஏப்ரல் 15, அது 334 நாள். நீங்கள் ஏப்ரல் 19 அன்று போய் நிற்பீர்கள். மற்ற ரிசார்ட்டுகளின் 7 மாதத்துக்கு 210 போட்டிருந்தால் அதுவும் பிசகு: ஆகஸ்ட் 15 திறக்கும், உங்கள் தாள் 17 என்கும்.

கேள்வி: மேலே சொன்னது அதிகப்படி. நான்கு நாளில் என்ன ஆகிவிடும்? பலரும் 330 தான் போடுகிறார்கள்.

பதில்: சாராடோகா ஸ்பிரிங்ஸ் ரிசார்ட்டில் சாதாரண வாரம் என்றால் ஒன்றும் ஆகாது. அறை குறைவாக உள்ள வகைகளுக்கு, டிசம்பர் முதல் வாரத்துக்கு, காலை 8 மணிக்குத் திறந்தால் 8:05-க்கே காலியாகலாம். நான்கு நாள் கழித்து வருபவருக்கு வெயிட்லிஸ்ட்தான்.

கேள்வி: 335 போட்டால் தீர்ந்தது. ஏன் இவ்வளவு சண்டை?

பதில்: தீரவில்லை. 11 மாதம் என்பது ஓராண்டில் ஒரு மாதம் குறைவு. எந்த மாதம் குறைகிறதோ அதைப் பொறுத்து நாள் மாறும். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் செக்-இன் என்றால் 30 நாள் மாதம் குறைகிறது, 335 சரி. ஜனவரி, மார்ச், மே, ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர் என்றால் 334. பிப்ரவரி செக்-இன்னுக்கு 337. நடுவில் பிப்ரவரி 29 விழுந்தால் இவற்றில் சில இன்னும் ஒன்று கூடும். 330 போடுகிறவர் பிப்ரவரிப் பயணத்தில் ஒரு வாரம் முழுசாகப் பிந்துகிறார், 335 போடுகிறவர் இரண்டு நாள்.

கேள்வி: அப்படியானால் எல்லாவற்றுக்கும் 337. யாரும் பிந்த மாட்டார்கள்.

பதில்: நினைவூட்டலுக்கு 337 நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். முன்பதிவுத் தேதியாக வேண்டாம். மூன்று நாள் முன்னால் போய்த் தேதி கிடைக்காததைப் பார்த்து "நிரம்பிவிட்டது" என்று பயணத்தையே மாற்றிவிடுகிறார்கள். இருக்கிற சார்பை விட்டுவிட்டு மாறிலிக்கு ஏன் இவ்வளவு பாசம் என்பது எனக்குப் புரியவில்லை. ஈடேட், மைனஸ் 11. ஈடேட், மைனஸ் 7. அவ்வளவுதான்.

ஈடேட்டிலும் ஓர் இடறல் உண்டு, அதையாவது யாராவது கேட்பீர்கள் என்று பார்த்தேன். செக்-இன் மார்ச் 31 என்றால் ஏப்ரலில் 31 கிடையாது, கால்க் ஏப்ரல் 30 என்கும். மாதக் கடைசி செக்-இன்களுக்கு 30-ம் தேதி காலையும் மே 1 காலையும் இரண்டிலும் நினைவூட்டல் வையுங்கள்.

கேள்வி: ஆறு மாதம் சென்னையில் இருக்கிறேன். கூகுள் ஷீட்ஸில் "இன்றைய தேதி" ஒருநாள் முந்திப் போகிறது.

பதில்: கோப்பின் அமைப்புகளில் நேர மண்டலத்தை நியூயார்க் ஆக்குங்கள். இந்திய நேரத்தில் விட்டால், ஃபுளோரிடாவில் பிற்பகலாக இருக்கும்போதே உங்கள் தாளில் மறுநாள் பிறந்துவிடும். அதே இடத்தில் லோக்கேலையும் அமெரிக்கா ஆக்குங்கள், தேதிக் குழப்பமும் போகும். காலை 8 மணித் திறப்பு அமெரிக்கக் கோடை நேரத்தில் உங்களுக்கு மாலை 5:30, குளிர்கால நேரத்தில் 6:30.

லினக்ஸில் நினைவூட்டல் வைப்பவர்கள் சிஸ்டம்டி டைமரில் தேதிக்குப் பின்னால் நியூயார்க் மண்டலத்தின் பெயரையும் எழுதலாம், அதுவே மாற்றிக்கொள்ளும்.

கேள்வி: பேங்க் செய்ததை முதலில் செலவழிப்பதா, இந்த வருடத்ததையா?

பதில்: நல்ல கேள்வி. பேங்க் செய்ததை முதலில். இந்த வருடப் பாயிண்ட் மிஞ்சினால் கெடுவுக்குள் பேங்க் செய்யலாம், ஏற்கெனவே பேங்க் செய்தது மிஞ்சினால் போச்சு. பாரோ செய்வது கடைசி வழி: பாரோ செய்தது திரும்பிப் போகாது, பயணம் ரத்தானாலும் இந்த வருடத்திலேயே நிற்கும்.

பயணத் தாளில் இன்னும் இரண்டு பத்தி சேருங்கள். மேலே சொன்ன மார்ச் 15 பயணத்தையே எடுங்கள். 2026 யூஸ் இயரின் பேங்க் கெடு 2027 ஜனவரி 31. அதற்குப் பிறகு ரத்து செய்தால் பாயிண்ட் திரும்பி வரும், ஆனால் மே 31-க்குள் செலவழித்தாக வேண்டும். செக்-இன்னுக்கு 30 நாளோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது, அதாவது பிப்ரவரி 13 முதல் ரத்து செய்தால், பாயிண்ட் ஹோல்டிங்கில் விழும். ஹோல்டிங் பாயிண்டில் 60 நாளுக்குள் வரும் தங்கலைத்தான் பதிவு செய்யலாம், பேங்க் செய்ய முடியாது. ஆகவே ஒரு பத்தி பேங்க் கெடு, இன்னொன்று செக்-இன் மைனஸ் 31. முதல் தேதி நெருங்கும்போது கட்டம் மஞ்சள், இரண்டாவதற்கு சிவப்பு. போகலாமா வேண்டாமா என்று வீட்டில் பேசி முடிக்க வேண்டியது மஞ்சள் வரும்போது.

கேள்வி: குரோம்புக்கில் கால்க் போட முடியுமா?

பதில்: அமைப்புகளில் லினக்ஸ் சூழலை இயக்குங்கள், உள்ளே டெபியன் இருக்கும், லிப்ரே ஆபிஸை நிறுவலாம். கோப்பு "லினக்ஸ் கோப்புகள்" கோப்புறையில் இருக்க வேண்டும், அல்லது கோப்புறையை வலச்சொடுக்கி லினக்ஸோடு பகிர வேண்டும். அலுவலகமோ பள்ளியோ கொடுத்த குரோம்புக்கில் இது பூட்டப்பட்டிருக்கலாம். அப்போது ஷீட்ஸ்.

கேள்வி: ராஸ்பெரி பை சிறுகணினியில் வைன்?

பதில்: அந்த பிளானர் இன்டெல் சிப்புக்கு எழுதியது, பையில் இருப்பது ஆர்ம். பாக்ஸ்86 போன்ற மொழிமாற்றியை நடுவில் வைத்தால் சில ஓடும். கால்க் அங்கே நேரடியாகவே ஓடும்போது அந்தப் பாடு எதற்கு?

கேள்வி: டிவிசி தளத்தில் என் பாஸ்வேர்டை வைத்துப் பாயிண்டைத் தானே எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட் ஒன்று கிடைத்தது. நம்பலாமா?

பதில்: வேண்டாம். கொடுக்கிற பாஸ்வேர்ட், முன்பதிவையே ரத்து செய்யக்கூடிய பாஸ்வேர்ட். மாதம் ஒருமுறை நாலு எண்ணைப் பார்த்து அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கேள்வி: உபுண்டுவுக்கு நல்ல பிளானர் எது?

பதில்: முதல் பதில்.

கேள்வி: கிளப் மஹிந்திராவுக்கும் இதே தாள் சரிவருமா?

பதில்: வராது. அது நாள் கணக்கு, பர்ப்பிள், ரெட், ஒயிட், புளூ பருவங்கள். அமைப்பே வேறு.

கேள்வி: ரீசேலில் (டிஸ்னியிடம் அல்ல, வேறோர் உறுப்பினரிடம்) வாங்கினேன். ரிவியரா ரிசார்ட்டுக்கும் பாயிண்ட் கணக்குப் போட்டுக் காட்டுகிறது தாள்.

பதில்: தாளுக்கு உங்கள் ஒப்பந்தம் தெரியாது. 2019 ஜனவரி 19 முதல் ரீசேலில் வாங்கியவர்களுக்கு அதற்கு முந்தைய 14 ரிசார்ட்டுகள்தான், ரிவியரா கிடையாது. ரிவியராவையே ரீசேலில் வாங்கினால் அங்கே மட்டும். சார்ட் தாளில் ரிசார்ட் பெயருக்குப் பக்கத்தில் "ஆம்/இல்லை" பத்தி வையுங்கள், "இல்லை" என்றால் பாயிண்ட் கட்டம் காலியாகட்டும்.

கேள்வி: 330-ஐப் பற்றி மறுபடியும் ஒன்று...

பதில்: வேண்டாம்.

கேள்வி: பழைய மேக் எக்செல் கோப்பிலிருந்து கால்க்குக்கு நகலெடுத்தேன். எல்லாத் தேதியும் நான்கு வருடம் பின்னால் போய்விட்டது.

பதில்: நான்கு வருடம் ஒரு நாள் இருக்கும், எண்ணிப் பாருங்கள்: 1462 நாள். பழைய மேக் எக்செல் நாள்களை 1904-லிருந்து எண்ணும். கோப்பை நேரடியாகத் திறந்தால் கால்க் அதைப் புரிந்துகொள்ளும், வேறு கோப்புக்கு ஒட்டும்போதுதான் எண் மட்டும் போகும். ஒட்டிய பத்திக்குப் பக்கத்தில் 1462 கூட்டி, அதை மதிப்பாக மட்டும் திரும்ப ஒட்டுங்கள். ஆப்ஷன்ஸில் தேதித் தொடக்கத்தை 1904 என்று மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒட்டியது சரியாகும், அந்தக் கோப்பில் ஏற்கெனவே இருந்த தேதிகள் எல்லாம் முன்னால் ஓடிவிடும்.