1.42 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வென்டோ டீசல்: முதல் செலவு எதற்கு?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். இதுவரை பைக்தான். போன மாதம் முதல்முறையாக ஒரு கார் வாங்கினேன். 2013 மாடல் ஃபோக்ஸ்வாகன் வென்டோ, 1.6 டீசல், மேனுவல் கியர், 1,42,000 கிலோமீட்டர் ஓடியது. நான் மூன்றாவது ஓனர். ஓட்ட அருமையாக இருக்கிறது. ஆனால் "யானையைக் கட்டித் தீனி போடப் போறே" என்கிறார் மாமா. எங்கள் தெரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்கிறார். முதலில் எதை மாற்றுவது? ஷோரூமில் விடுவதா, வெளியில் விடுவதா? இந்த வருடத்துக்குள் ஒரு லட்சம் வரை செலவு செய்யலாம், ஆனால் ஒரே தடவையில் முடியாது.

பதில்: விற்க வேண்டாம், இப்போதைக்கு. இந்த 1.6 டீ.டி.ஐ., அதாவது ஃபோக்ஸ்வாகனின் டர்போ டீசல், ஒன்றரை லட்சம் கிலோமீட்டரில் படுத்துவிடும் இன்ஜின் இல்லை. மாமா சொல்வதில் பாதி சரிதான், மாருதி பார்ட்ஸ் விலைக்கு இதற்கு எதுவும் கிடைக்காது. ஆனால் இந்த வண்டிகளில் பணம் கரைவது பெரும்பாலும் பார்ட்ஸ் விலையால் மட்டும் அல்ல. என்ன கோளாறு என்று தெரியாமலே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதில்தான் கரைகிறது. சென்சார் மாற்றி, பிறகு இன்னொரு சென்சார் மாற்றி, கடைசியில் எலி கடித்த ஒயர் என்று தெரியவரும்.

ஆகவே ஸ்பேனரை எடுக்கும் முன் காகிதம். பழைய ஓனரிடம் இருக்கும் சர்வீஸ் பில்களை, கசங்கியதோ கிழிந்ததோ, எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு ஒரு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய், சேஸிஸ் நம்பரைச் சொல்லி, இந்த வண்டிக்கு இதுவரை என்னென்ன வேலை நடந்திருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் கணினியில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். ஐந்து வருடத்துக்கு முந்தைய பில்லில் 1,60,000 என்று இருந்து, இன்று மீட்டர் 1,42,000 காட்டினால், மேற்கொண்டு நான் சொல்ல ஒன்றும் இல்லை. அங்கேயே இன்னொன்றும் கேளுங்கள். புகைப் பரிசோதனையை ஏமாற்றும் சாஃப்ட்வேர் வைத்ததாக 2015 செப்டம்பரில் வெடித்த டீசல் புகை விவகாரத்தில் சிக்கிய இ.ஏ. 189 வரிசை இன்ஜின்தான் உங்களுடையதும். அந்த டிசம்பரில், அதைச் சரிசெய்ய, இந்தியாவில் 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அறிவித்தது. உங்கள் வண்டிக்கு அந்த வேலை நடந்ததா இல்லையா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் இ.ஜி.ஆர். வால்வில் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் வால்வு) தகராறு வந்தால் மெக்கானிக்குக் குழப்பம் இருக்காது.

பில் இருந்தால் அந்த வேலை நடந்தது. பில் இல்லையென்றால் நடக்கவில்லை. "எல்லாம் பண்ணிட்டோம் சார்" என்பது கணக்கில் வராது.

இந்தக் கணக்கில் முதலில் வருவது டைமிங் பெல்ட். முதல் செலவே இதற்குத்தான். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் ஒரே தாளத்தில் சுழல வைப்பது இந்த ரப்பர் பெல்ட். ஓடும்போது இது அறுந்தால் வால்வுகள் அந்தந்த இடத்திலேயே நின்றுவிடும், பிஸ்டன் மேலே வந்து அவற்றை இடிக்கும். வால்வு வளையும், சில சமயம் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டே போகும். நீங்கள் கொடுத்த விலைக்கு அந்தச் செலவைச் செய்ய மனசு வராது. பல பழைய ஐரோப்பிய டீசல்கள் ஷெட்டில் தூசி படிந்து நிற்பது இப்படித்தான். எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும் என்பது கையேட்டில் இருக்கிறது. ஆனால் ரப்பருக்கு வயதும் உண்டு. 2013 வண்டியில், மாற்றியதற்கு பில் இல்லாமல், இன்னும் கம்பெனியில் போட்ட பெல்ட்டோடு ஓடுகிறதோ என்ற சந்தேகத்தில் சேலம் வரை கூட நான் போகமாட்டேன். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்து "பெல்ட் நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறுவதற்கு முந்தின நாள் வரை நன்றாகத் தெரியும் பெல்ட்கள் உண்டு.

பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதாது. பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது உருண்டு ஓடும் ஐட்லர், வாட்டர் பம்ப் நான்கும் சேர்ந்துதான். வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட், அதன் பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும். வேலையை ஒப்படைக்கும் முன் மெக்கானிக்கிடம், "லாக்கிங் டூல் இருக்கிறதா?" என்று கேளுங்கள். கிராங்கையும் கேமையும் அசையாமல் பூட்டி வைக்கும் பின்களும் தகடும் இந்த இன்ஜினுக்கென்று தனியாக உண்டு. "அதெல்லாம் வேணாம், ஒயிட்னர்ல மார்க் பண்ணிப் போட்டுக்கலாம்" என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இந்த ஒரு கேள்வியிலேயே ஷோரூமா வெளியா என்பதற்கும் பதில் கிடைத்துவிடும். சாஃப்ட்வேர், சாவி, இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது) மாதிரி வேலைகளுக்கு ஷோரூம். மற்றவற்றுக்கு, ஃபோக்ஸ்வாகனும் ஸ்கோடாவும் மட்டுமே பார்க்கிற ஒரு தனி ஒர்க்ஷாப். கோயம்புத்தூரில் தேடினால் கிடைக்கும், ஐம்பது கிலோமீட்டர் தானே. உங்கள் தெரு மெக்கானிக் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் இந்த வண்டியின் எல்லா கன்ட்ரோல் யூனிட்டையும், அதாவது உள்ளே இருக்கும் குட்டிக் கணினிகளை, படிக்கிற ஸ்கேனர் அவரிடம் இல்லாவிட்டால் அவர் ஊகிக்க மட்டுமே முடியும். ஊகத்துக்குக் காசு உங்களுடையது. நல்ல ஒர்க்ஷாப்பில் வி.சி.டி.எஸ். என்கிற மென்பொருளோ அதற்கு ஈடான ஒன்றோ இருக்கும். இன்ஜின் மட்டும் இல்லாமல் ஏ.பி.எஸ்., ஏர்பேக், கதவு எல்லாவற்றையும் படித்து, கோளாறு எண்களை அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். அழிப்பதற்கு முன் அச்சடிக்க வேண்டும், அதை மறக்காமல் சொல்லுங்கள். பத்து பழைய எண்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிய பிறகு எது திரும்பி வருகிறதோ அதுதான் உண்மையான நோய்.

பார்ட்ஸ் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. பெட்டியில் கம்பெனி முத்திரை இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. பெல்ட், டென்ஷனர், கிளட்ச், ஃபில்டர் எல்லாம் காண்டினென்டல், ஐ.என்.ஏ., லுக், மான், மாஹ்லே போன்றவர்கள் செய்து கார் கம்பெனிகளுக்குக் கொடுப்பவை. அதே தயாரிப்பாளர்களின் சொந்தப் பெட்டியில் வாங்கினால் விலை குறையும். மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பரை எடுத்து வாங்குங்கள். ஒரே வென்டோவில் வருடத்துக்கு வருடம் பார்ட் மாறியிருக்கும், நம்பரின் கடைசி எழுத்து வரைக்கும் பார்க்க வேண்டும்.

பெல்ட்டுக்கு வண்டியை விடும்போதே ஆயில், எல்லா ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில் நான்கையும் முடித்துவிடுங்கள். ஆயில் கேனில் 5டபிள்யூ-30 என்று இருந்தால் மட்டும் போதாது. பின்பக்கம் சின்ன எழுத்தில் வி.டபிள்யூ. 507 00 (ஃபோக்ஸ்வாகனின் ஆயில் தர எண்) என்று இருக்கிறதா பாருங்கள். கம்பெனி 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று சொல்லும். இந்த வயதில் 10,000க்கு மாற்றுவதே என் கட்சி, டர்போவுக்கு அதைவிட மலிவான காப்பீடு கிடையாது. மாற்றிய மறுநாளே ஆயில் மை மாதிரி கறுத்துவிடும். டீசலுக்கு அது இயல்பு, ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

கூலண்ட்டில் கொஞ்சம் கவனம். டேங்கில் இருப்பது ரோஸ் அல்லது ஊதா நிறமாக இருக்க வேண்டும். பச்சையாகவோ, செம்மண் கரைத்தது போலவோ இருந்தால் யாரோ கையில் கிடைத்ததை ஊற்றியிருக்கிறார்கள். அப்படியானால் முழுதும் வடித்து, நன்றாக அலசி, ஜி12 அல்லது ஜி13 வகையை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றச் சொல்லுங்கள். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்கும் ஹீட்டர் கோருக்கும் எமன். டேங்கில் அளவு மாதாமாதம் குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள், எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள்.

உங்கள் ஒரு லட்சத்தில் பாதியைத் தொடாமல் வையுங்கள், அது கிளட்ச்சுக்காக. இதில் இருப்பது டூயல் மாஸ் ஃப்ளைவீல். உள்ளே ஸ்பிரிங்குகள் வைத்து இரண்டு பாகமாகச் செய்தது, தேய்ந்தால் கிளட்ச்சோடு சேர்த்தே மாற்ற வேண்டும், பில் கனக்கும். காலையில் ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் விட்டு, கிளட்ச்சை மிதித்தும் விட்டும் கேளுங்கள். தகரத்தில் கூழாங்கல் குலுக்கும் சத்தம் வந்தாலோ, வண்டியை அணைக்கும்போது 'டடக்' என்று உதறினாலோ அதன் காலம் நெருங்குகிறது. சத்தமே இல்லையென்றால் நீங்களாகப் போய்த் தொடாதீர்கள். இந்த நிலையில் பவர் கூட்டும் ரீமேப் ஆசை மட்டும் வேண்டாம். பழைய கிளட்ச்சும் ஃப்ளைவீலும்தான் அதற்குப் பலி. நல்லவேளை, மேனுவல் வாங்கினீர்கள். அதே காலத்து ஏழு கியர் டி.எஸ்.ஜி. (ஆட்டோமேட்டிக்) பெட்டியை ஆயில் மாற்றுவதற்காக 2013ல் உலகம் முழுக்கத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது.

மற்றவை சில்லறை. ஸ்பீடு பிரேக்கரில் 'டொக்' என்றால் பெரும்பாலும் சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ் அல்லது ஸ்ட்ரட் மவுண்ட், அவசரமில்லை, ஆனால் தள்ளிப்போட்டால் டயர் தின்னும். கதவு திறந்தும் உள்விளக்கு எரியவில்லை, லாக் ஆகவில்லை என்றால் அது பூட்டுக்குள் இருக்கும் குட்டி மைக்ரோ ஸ்விட்ச். இந்தக் குடும்பத்து வண்டிகளின் பரம்பரைச் சொத்து அது, ஓட்டுவதற்கு இடைஞ்சல் இல்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. அவ்வளவு பழசாக இருந்தால் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்றுங்கள். தினமும் வீட்டுக்கும் கம்பெனிக்கும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுவீர்கள் என்றால், வாரம் ஒருமுறை அவிநாசி சாலையில் அரை மணி நேரம் ஒரே சீராக விடுங்கள். சூடேறாமலே ஓடும் டீசலில் இ.ஜி.ஆர். சீக்கிரம் கரி பிடிக்கும்.

இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது பிரீமியம் குறைகிறதே என்று ஐ.டி.வி.யை (இன்ஷூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பு) அடிமட்டத்துக்கு இறக்காதீர்கள். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது வண்டியே போனது என்ற கணக்கில் முடித்துவிடுவார்கள். இந்த வண்டியில் இரண்டு ஹெட்லைட், பம்பர், ரேடியேட்டர், ஏ.சி. கண்டன்சர் போனாலே அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். ஆர்.சி. 15 வருடத்துக்கு என்பதால் 2028 வரை கவலை இல்லை, அப்புறம் பரிசோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்கலாம்.

கடைசியாக, எத்தனை சாவி கொடுத்தார்கள்? ஒன்றுதான் என்றால், அது தொலையும் முன் இரண்டாவதைச் செய்துகொள்ளுங்கள். கையில் ஒன்று இருக்கும்போது இன்னொன்று செய்வது சாதாரண வேலை. ஒன்றுமே இல்லாமல் போனால் வண்டியை டோ செய்வதில் தொடங்கி இம்மொபிலைசர் வரை இழுக்கும். புதுச் சாவி பதிவு செய்யப் போகும்போது, கையில் இருக்கும் சாவி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த நேரத்தில் அங்கே இல்லாத சாவியை வண்டி அடையாளம் மறந்துவிடும்.