ஏடிவி பிரேக்: ஆயில் மாற்றுவது, ஏர் எடுப்பது – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏடிவியில் (கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர வண்டி) பிரேக் ஆயில் அளவு குறையவில்லை, பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறது. நிறம் மட்டும் கறுத்திருக்கிறது. பிறகு ஏன் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்?

ஆயில் குறைந்துவிட்டது என்பதற்காக அல்ல, அதில் தண்ணீர் சேர்ந்திருக்கும் என்பதற்காக. டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 3, டாட் 4 ஆயில்கள் கிளைக்கால் வகை. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரப்பர் ஓஸின் சுவர் வழியாகவும் மூடியின் காற்றுத் துளை வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகிறது. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

சமதளத்தில் மெதுவாக ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியாது. நீண்ட இறக்கத்தில், சுமையோடு, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும்போதுதான் காலிப்பர் (பேட்களால் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) அந்தச் சூட்டை எட்டும். ஆயில் ஆவியாகும், ஆவி அமுங்கும், லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொள்ளும், வண்டி நிற்காது. சூடு ஆறியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுவதால் பலர் அதை அலட்சியம் செய்கிறார்கள். அதுதான் பெரிய ஆபத்து.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தெளிவாகத் தெரியும் ஆயிலிலும் தண்ணீர் இருக்கலாம். அடிக்கடி ஓடை, சேறு கடக்கும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

கேள்வி: டாட் 4 இருக்கும் வண்டியில் டாட் 5 ஊற்றலாமா? எண் கூடினால் தரமும் கூடும்தானே?

ஊற்றக் கூடாது. டாட் 5 சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்காது. உள்ளே வரும் ஈரத்தையும் கரைத்துக்கொள்ளாது, அது தாழ்வான இடத்தில் துளியாகத் தேங்கித் துருவேற்றும். டாட் 5.1 வேறு, அது கிளைக்கால் வகை என்பதால் டாட் 4-உடன் சேரும். ஆயில் கப்பின் மூடியில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். எஞ்சின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில் சிறிதளவு சேர்ந்தாலும் உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். அதன்பின் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை, ரப்பர் பாகங்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும்.

கேள்வி: முழு ஆயிலையும் வீட்டிலேயே மாற்றி ஏர் எடுக்க (லைனில் உள்ள காற்றை வெளியேற்ற) என்னென்ன வேண்டும்? முறையை விளக்கமாகச் சொல்லுங்கள்.

சீல் உடையாத 500 மி.லி. ஆயில் ஒன்று போதும், மிச்சமும் இருக்கும். காலிப்பரில் ஆயிலும் காற்றும் வெளியேறும் சிறு திருகான நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பானர் (பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ.), நிப்பிளில் இறுகப் பிடிக்கும் தெளிவான பிளாஸ்டிக் டியூப், ஒரு பாட்டில், ஊசியில்லாத சிரிஞ்ச், கையுறை, துணி, ஒரு வாளித் தண்ணீர். பிரேக் ஆயில் பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். சிந்தினால் துடைப்பதைவிடத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதே சரி.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஆயில் கப் மட்டமாக இருக்கும்படி ஹேண்டில்பாரைத் திருப்புங்கள். மூடியைத் திறப்பதற்கு முன் சுற்றியுள்ள சேற்றைச் சுத்தமாகக் கழுவித் துடையுங்கள். ஒரு மணல் துகள் போதும், மாஸ்டர் சிலிண்டரின் (லீவரை இழுக்கும்போது ஆயிலை அழுத்தும் பாகம்) சீலைக் கீறிவிட. ஜப்பானிய வண்டிகளில் மூடி ஸ்க்ரூ சாதாரண ஸ்டார் ஸ்க்ரூபோலத் தெரியும், ஆனால் வெட்டு சற்று வேறு. ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர அளவு) முனை இல்லாமல் திருகினால் தலை மழுங்கிவிடும்.

பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, அடியில் உள்ள கசடைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்துவிட்டுப் புது ஆயிலை நிரப்புங்கள். இப்படிச் செய்தால் அழுக்கு ஆயில் முழு லைன் வழியாகவும் பயணம் செய்யாது.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதற்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் வரிசைதான் முதன்மை. அது கையில் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தூரத்தில் உள்ள காலிப்பரில் தொடங்கி அருகில் உள்ளதில் முடியுங்கள். கால் பெடலுக்குத் தனி ஆயில் கப் இருந்தால் அது தனி வேலை. சில வண்டிகளில் அது சீட்டுக்கு அடியிலோ பக்கவாட்டுக் கவசத்துக்குப் பின்னாலோ மறைந்திருக்கும், விட்டுவிடாதீர்கள்.

நிப்பிளில் ஸ்பானரை மாட்டி, அதன்மேல் டியூபைச் செருகி, மறுமுனை பாட்டிலில் உள்ள சிறிதளவு ஆயிலில் மூழ்கியிருக்கட்டும். லீவரை மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள்; லீவர் உள்ளே போகும். லீவர் முழுக்கப் போவதற்குள் நிப்பிளை மூடுங்கள், அதன்பிறகுதான் லீவரை விட வேண்டும். வரிசை மாறி, நிப்பிள் திறந்திருக்கும்போதே லீவரை விட்டால் காற்று திரும்ப உள்ளே ஏறும். டியூபில் புது ஆயிலின் நிறம் வந்து, குமிழி நிற்கும்வரை இதையே செய்யுங்கள். சில இழுப்புக்கு ஒருமுறை கப்பைப் பாருங்கள். ஆயில் கீழ்க் கோட்டுக்குக் கீழே போய்க் காற்றை உறிஞ்சிவிட்டால் அதுவரை செய்த வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.

பழைய வண்டியென்றால் லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு சிறு மரத்துண்டு வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் வழக்கமாகப் போகாத ஆழப் பகுதியில் துரு படிந்திருக்கும். லீவரை முழுக்க இழுத்தால் சீல் அந்தத் துருவில் உரசிக் கிழியும். ஆயில் மாற்றிய மறுநாளே பிரேக் போனது என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

நிப்பிளை அளவோடு முடுக்குங்கள்; பல வண்டிகளுக்கு 6 நியூட்டன் மீட்டர் அளவே போதும். நடுவில் துளை உள்ள மெல்லிய திருகு அது, பலமாக முடுக்கினால் முறிந்துவிடும். கப்பில் ஆயிலை மேல் கோடு வரை மட்டும் விட்டு, மூடிக்கு அடியில் தொங்கியிருக்கும் ரப்பர் டயஃப்ரத்தை மடித்து உள்ளே தள்ளிய பின் மூடுங்கள். ஓட்டுவதற்கு முன் லீவர் கல்போல நிற்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஒரு டப்பா முழுக்கத் தீர்த்தும் லீவர் பஞ்சுபோலவே இருக்கிறது. என்ன செய்ய?

இனியும் ஆயிலை வீணாக்காதீர்கள். லீவர் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கவனித்தால் காரணம் தெரிந்துவிடும்.

பஞ்சுபோல் அமுங்கி, தொடர்ந்து பம்ப் செய்தால் கெட்டியானால் காற்று மிச்சமிருக்கிறது. அது பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரின் பாஞ்சோ போல்ட்டில் (ஓஸை இணைக்கும், உள்ளே துளையுள்ள போல்ட்) நிற்கும், லைனிலேயே உயரமான இடம் அது. துணியால் சுற்றி, லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு போல்ட்டைச் சற்றே தளர்த்தி இறுக்குங்கள். பிறகும் கசிந்தால் இரண்டு வாஷர்களையும் புதிதாக மாற்ற வேண்டும். இன்னொரு வழி, சிரிஞ்சால் காலிப்பர் நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலாக ஆயிலைச் செலுத்துவது. காற்று போக விரும்பும் திசையும் அதுதான். அப்போது மேலே கப் நிரம்பி வழியாமல் ஒருவர் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும்.

காலிப்பரைக் கழற்றி மாட்டியிருந்தால் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடதும் வலதும் இடம் மாறினால் நிப்பிள் கீழே வந்துவிடும், எத்தனை முறை எடுத்தாலும் காற்று வெளியே வராது.

இழுத்துப் பிடித்த லீவர் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால், வெளியே எங்கும் கசிவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டர் சீல் தேய்ந்திருக்கிறது. முதல் இழுப்பு நீளம், உடனே இழுக்கும் இரண்டாவது இழுப்பு கெட்டி என்றால் வீல் பேரிங் ஆட்டத்தையும் டிஸ்க் நெளிவையும் சோதியுங்கள். டிஸ்க் பேட்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். முன்சக்கரத்தில் ஹைட்ராலிக் டிரம் உள்ள வண்டியில் ஷூக்களின் இடைவெளி சரிசெய்யப்படாததும் இதே உணர்வைத் தரும்.

கேள்வி: கை வேக்குவம் பம்பில் எடுத்தால் குமிழி நிற்கவே மாட்டேன் என்கிறது.

அது லைனிலிருந்து வரும் காற்றாக இல்லாமல், தளர்த்திய நிப்பிளின் மரை வழியாக வெளியிலிருந்து உறிஞ்சப்படும் காற்றாக இருக்கலாம். கடைசியில் ஒருசில முறை லீவரால் எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கேள்வி: ஆயில் மாற்றிய பிறகு சக்கரம் இறுகி நிற்கிறது. ஏன்?

முதலில் கப்பைப் பாருங்கள். விளிம்புவரை நிரப்பியிருந்தால் சூட்டில் விரியும் ஆயிலுக்கு இடமில்லை, பேட்களை அழுத்தும். அளவு சரியென்றால், சக்கரம் இறுகிய நிலையிலேயே மாஸ்டர் சிலிண்டரின் பாஞ்சோ போல்ட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் கோளாறு அங்கேதான்: ஆயில் திரும்பி வரும் ஊசித் துளை கசடால் அடைத்திருக்கும், அல்லது லீவரில் ஃப்ரீ பிளே (இழுக்கத் தொடங்கும்போது உள்ள சிறு ஆட்டம்) இல்லாமல் பிஸ்டன் முழுக்கத் திரும்பாமல் இருக்கும். அங்கே விடுபடாமல் காலிப்பர் நிப்பிளைத் திறந்தால்தான் விடுபடுகிறது என்றால் ஓஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். இரண்டிலும் விடுபடவில்லையென்றால் காலிப்பர் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது. எதைத் தளர்த்தியிருந்தாலும், சோதனை முடிந்ததும் மறுபடி ஏர் எடுக்க வேண்டும்.

கேள்வி: மீந்த ஆயிலை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமா?

திறந்த டப்பா மூடியிருந்தாலும் ஈரம் ஏறும். ஓரிரு வாரத்தில் இன்னொரு வண்டிக்குத் தேவைப்பட்டால் இறுக மூடி வைத்துப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் பழைய ஆயிலோடு சேர்த்து அப்புறப்படுத்துங்கள். அதை எஞ்சின் ஆயிலோடு கலக்காமல் தனிப் பாட்டிலில், பெயர் எழுதி, கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் கொடுங்கள். சாக்கடையிலும் மண்ணிலும் ஊற்ற வேண்டாம்.