கிற்றார் வாங்க முதல் 12ஆம் ஃப்ரெட்டைப் பாருங்கோ

கொழும்பிலுள்ள பெரிய இசைக்கருவிக் கடைகளிலும் ஒன்லைனிலும் கிற்றார் வாங்குவது பற்றி உங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். திருகோணமலையில் 28 வருடமாகப் படிப்பிக்கிறேன், பழுதானவற்றைத் திருத்தியும் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கீபோர்ட் பற்றிக் கேட்ட மூன்று பேரும் அது தெரிந்த ஒருவரிடம் கேளுங்கோ.

நிலாவெளி: 9 வயது மகளுக்கு முதல் கிற்றார். கொழும்புக்குப் போய் வாங்குவதா, ஒன்லைனில் எடுப்பதா? ஒன்லைனில் விலை குறைவு.

இரவு ரயிலுக்கு ரிக்கெற் எடுங்கோ அக்கா. மகளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. முதல் கிற்றாரைப் படம் பார்த்து வாங்கக் கூடாது. ஒரே மொடலில் இரண்டு பெட்டியைத் திறந்தால் ஒன்றில் கம்பி விரலுக்கு இதமாக இருக்கும், மற்றதில் எட்டி நிற்கும். கடையில் இருப்பதில் நல்லதைப் பொறுக்கலாம். ஒன்லைனில் அவர்கள் அனுப்புவதுதான் உங்களுக்கு.

கடையில் முதல் வேலையாக 12ஆம் ஃப்ரெட்டைப் பாருங்கோ. ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை, தலைப்பக்கத்திலிருந்து எண்ணுங்கோ. வங்கி அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். மூன்று அட்டையை அடுக்கினால் கிட்டத்தட்ட 2.3. அதை 12ஆம் ஃப்ரெட்டின் மேல் வைத்து, ஆகத் தடித்த கம்பிக்குக் கீழே நுழையுங்கோ. எஃகுக் கம்பி என்றால் மூன்று அட்டை கம்பியை லேசாகத் தொட்டால் நல்ல உயரம். நான்கு போனால் அந்த இடத்திலேயே இறக்கித் தரச் சொல்லுங்கோ. ஐந்து போனால் வேறொன்றை எடுங்கோ. நைலோன் கம்பி கொஞ்சம் உயர்ந்துதான் நிற்கும், அதற்கு நான்கு, ஐந்து அட்டை வரை சரி. பிள்ளைகள் இரண்டு மாதத்தில் கிற்றாரைக் கைவிடுவதற்குச் சோம்பல் காரணமில்லை. விரல் நோகிறது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து எத்தனையோ தரம் மனம் வருந்தியிருக்கிறேன்.

பிறகு ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தித் தட்டுங்கோ. எங்காவது இரைந்தால் விட்டுவிடுங்கோ. பிரிட்ஜ் என்பது உடம்பில் ஒட்டி, கம்பிகளைக் கட்டும் கட்டை. அதன் பின் விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கோ. தாள் உள்ளே போனால் பசை விட ஆரம்பித்துவிட்டது. விற்பனைத் தம்பி வாசித்துக் காட்டுவதை வைத்து முடிவெடுக்காதீங்கோ. கை பழகியவர் வாசித்தால் எல்லாமே இனிமையாகத்தான் கேட்கும்.

9 வயதுக்கு முக்கால் அளவு, நைலோன் கம்பி.

சீனன்குடா: பெரிய ஆட்களுக்கு, தொடங்குவதற்கு எந்த மொடல்?

எஃகுக் கம்பி என்றால் யமஹா எஃப்310, நைலோன் என்றால் சி40. இரண்டும் பிளைப்பலகை. எங்கள் ஊர்க் காற்றுக்கு அதுதான் தாங்கும்.

உவர்மலை: பிளையை வாங்கச் சொல்லிப் பிள்ளைகளின் காதைக் கெடுக்கிறீங்கள் அண்ணா. யமஹாவின் எஃப்ஜி800 கொஞ்சம்தான் விலை கூட. மேற்பலகை முழு ஸ்புரூஸ் மரம்.

தம்பி, ஒலியில் நீங்கள் சொல்வது சரி. முழுப்பலகையின் ஒலியைப் பிளை எட்டாது. ஆனால் மரம் ஈரத்தைக் குடிக்கும். கிற்றாரை 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வைப்பது நல்லது. மார்கழி வாடையில் எங்கள் ஊரில் அது 80ஐத் தாண்டும். பலகை ஊதி, பிரிட்ஜ் மேலெழும்பி, கம்பி உயரும். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது அதே பலகை காய்ந்து சுருங்கும். இப்படி நாலைந்து வருடம் போனால் மரத்தின் ரேகையோடு வெடிப்பு விழும். பிளையில் மெல்லிய மரத்தாள்களை ரேகை குறுக்காக வரும்படி ஒட்டியிருப்பதால் ஒன்றின் அசைவை மற்றது பிடித்துக்கொள்ளும்.

உவர்மலை (மறுபடியும்): பெட்டி, சிலிக்கா ஜெல், ஒரு ஈரப்பதமானி. இவ்வளவும் இருந்தால் போதும். என்னுடையது 11 வருடமாக ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. டச்சு வளைகுடாவிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் வீடு.

நீங்கள் பெட்டியில் பூட்டி வைக்கிறீங்கள். 14 வயதுப் பொடியன் வாசித்து முடித்து யன்னலுக்குப் பக்கத்தில் சாத்திவிட்டுக் கிரிக்கெட்டுக்கு ஓடிவிடுவான். நான் அவனை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

அலஸ்தோட்டம்: நான் உவர்மலைக்காரர் பக்கம். நல்ல ஒலி கேட்டால்தானே பிள்ளை கிற்றாரைக் கவனமாய் வைத்திருக்கும்?

இது யோசிக்க வேண்டிய பேச்சுத்தான். என் மாணவரில் இரண்டு பேரை அப்படிக் கண்டிருக்கிறேன். வெடித்துப் போய் என்னிடம் வந்த முழுப்பலகைக் கிற்றார்கள் அதைவிடக் கூட.

உவர்மலை: அப்படியென்றால் உங்கள் வீட்டில் இருப்பது என்ன?

முழுப்பலகை. பெட்டிக்குள், ஈரப்பதமானியோடு. இரண்டாவது கிற்றார் வாங்குகிறவருக்கு நீங்கள் சொல்வதையே நானும் சொல்வேன். முதல் கிற்றாருக்கு மாற்றிச் சொல்லமாட்டேன்.

தம்பலகாமம்: முழுப்பலகையா பிளையா என்று பார்த்து அறிய முடியுமா?

முடியும். ஒலித்துளையின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கோ. மேலே ஓடும் ரேகை விளிம்பின் தடிப்பிலும் இறங்கினால் முழுப்பலகை. அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் பிளை. விளிம்பை மறைத்துப் பூச்சு அடித்திருந்தால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒன்லைனில் விவரத்தை எழுத்து எழுத்தாக வாசியுங்கோ. ‘ஸ்புரூஸ் ரொப்’ என்பது வேறு, ‘சொலிட் ஸ்புரூஸ் ரொப்’ என்பது வேறு. ‘சொலிட்’ இல்லாவிட்டால் பிளை என்றே எடுங்கோ. அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் நானே ஒருமுறை ஒரு ஒன்லைன் கடையில் ஏமாந்தேன். திருப்பி அனுப்பும் செலவும் என் தலையில்தான் விழுந்தது. 12ஆம் ஃப்ரெட்டைப் பார்க்காமல் வாங்கிய கடைசிக் கிற்றார் அது.

கிண்ணியா: ஒன்லைனில் புதுக் கிப்சன் 40,000 ரூபாய். சீனாவில் செய்தது என்று போட்டிருக்கு. எடுக்கலாமா?

வேண்டாம் தம்பி, போலி. கிப்சன் பெயர் போட்ட கிற்றார்களை அமெரிக்காவில் செய்கிறார்கள். அதே கம்பனியின் எபிஃபோன்தான் பெரும்பாலும் ஆசியாவில் தயாராகிறது. அந்தக் காசுக்கு ஒழுங்கான வேறொன்று கிடைக்கும். இன்னொன்று: கிவ்சன் என்பது கொல்கத்தாவின் தனிக் கம்பனி. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், பெட்டியில் பெயரை நிதானமாக வாசியுங்கோ.

தம்பலகாமம்: நைலோன் கிற்றாருக்கு எஃகுக் கம்பி போட்டால் சத்தம் கூடுமாமே?

போடாதீங்கோ. 12ஆம் இலக்கத் தடிப்புள்ள எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். நைலோன் 40 அளவில். பிரிட்ஜ் பிய்ந்து கையில் வரும்.

மூதூர்: இடக்கைக்காரன். கடையில் கேட்டால் கம்பியை மாற்றிக் கட்டித் தருகிறோம் என்கிறார்கள்.

கம்பியை மட்டும் மாற்றினால் சரிவராது. தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் நட்டின் வெட்டுகள் ஒவ்வொரு கம்பியின் தடிப்புக்கும் அளந்து வெட்டியவை. எஃகுக் கம்பிக் கிற்றாரில் பிரிட்ஜின் மேல் கம்பிகள் தங்கும் சேடிலும் சரிவாக இருக்கும். திருப்பிக் கட்டினால் சுருதி சேராது. இடக்கைக்கென்றே செய்ததைக் கடையில் காண்பது அரிது. உங்களுக்கு மட்டும் ஒன்லைனை விட வேறு வழியில்லை. திருப்பி எடுப்பார்களா, அந்தச் செலவு யாருக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கோ.

உப்புவெளி: 30,000க்குள் எது நல்லது?

மேலே மொடல் சொல்லியிருக்கிறேன். விலையைக் கடையில் கேளுங்கோ.

நிலாவெளி (வேறொருவர்): ஒன்லைனில் விலை குறைவாக இருக்கிறதே, எடுத்தால் என்ன?

முதல் பதிலை வாசியுங்கோ. 12ஆம் ஃப்ரெட்.

ஏகாம்பரம் வீதி: ஜேர்மனியில் அண்ணா இருக்கிறார். றோஸ்வூட் கிற்றார் அனுப்பினால் மறிப்பார்களாமே?

2017 ஜனவரியில் றோஸ்வூட் வகைகளுக்கெல்லாம் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு வந்தது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். பிரேசில் றோஸ்வூட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அது பழைய, விலை கூடிய கிற்றார்களில்தான் இருக்கும். உங்களுக்கு வரக்கூடிய தலையிடி வரிதான். சுங்கத் தீர்வை, வற், கூரியர் கட்டணம் எல்லாம் சேர்த்த பிறகு எவ்வளவு என்று சுங்கத்திலேயே முதலில் கேளுங்கோ. அனுப்பும்போது கம்பியைத் தளர்த்தி, கழுத்தின் தலைக்குக் கீழே துணியோ பஞ்சோ அடைந்து கட்டச் சொல்லுங்கோ. பெட்டி விழுந்தால் முதலில் முறிவது அந்த இடம்தான்.

உப்புவெளி (இன்னொருவர்): 25,000க்குள்?

மேலே பாருங்கோ.

பாலையூற்று: கல்யாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞா, எங்கள் பறங்கியரின் ஆட்ட இசை, வாசிக்கிறோம். வயலின் ஏறும்போது என் கிற்றார் கேட்பதில்லை. ஒலிபெருக்கியில் கொடுக்கும் பிக்கப் உள்ளதாய் வாங்கவா?

உங்கள் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் இருந்தேன். ஆறு எண்ணிக்கையில் ஓடும் அந்த அடியில் வலது கைதான் முழு வேலையும் செய்கிறது. பிக்கப் வைத்த மலிவான கிற்றார்களில் காசு மின்சாரப் பகுதிக்குப் போய், மரத்துக்கு மிஞ்சுவது குறைவு. இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கோ. ஒலித்துளையில் மாட்டும் பிக்கப் தனியாகக் கிடைக்கிறது, வேண்டாதபோது கழற்றலாம். கிற்றாரை மத்தியான வெயிலில் வானுக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீங்கோ, பசை இளகும். ஞாயிறு பின்னேரம் கொண்டு வாங்கோ, மாட்டித் தருகிறேன். வயலின்காரரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, சேர்த்து வாசித்துத்தான் சத்தத்தின் அளவைப் பார்க்க வேண்டும்.