மீட்ட நாய்க்கு வீடு தேடும்போது அதன் குறைகளைச் சொல்லலாமா?

கேள்வி: வண்டியில் அடிபட்டுக் கிடந்த ஒரு பெண் தெருநாயை ஆறு வாரங்களுக்கு முன் தூக்கிவந்து வைத்தியம் பார்த்தேன். கால் சரியாகிவிட்டது. வயது இரண்டு இருக்கும் என்கிறார் கால்நடை மருத்துவர். வீட்டில் ஏற்கெனவே வயதான நாய் இருப்பதால் இவளை என்னால் வைத்துக்கொள்ள முடியாது. தத்தெடுக்க மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் நாளைக்கே வருகிறேன் என்கிறார். ஆனால் துடைப்பத்தைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் ஒளிகிறாள். சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறாள். இதைச் சொன்னால் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. சொல்லலாமா?

பதில்: சொல்லிவிடுங்கள். மூன்று பேரிடமும், அவர்கள் நேரில் வந்து அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மறைத்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். புது வீட்டுக்குப் போன நாய் முதல் சில நாட்கள் பெரும்பாலும் வாயே திறக்காது. பயத்தில் ஒடுங்கி ஒரு மூலையில் படுத்திருக்கும். 'எவ்வளவு சாது!' என்று வீட்டார் மகிழ்ந்துபோவார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து இடம் பழகி, தன் சுபாவத்தைக் காட்டத் தொடங்கும் நேரத்தில் ஒரு குழந்தை அதன் தட்டுக்குள் கையை விடும். அப்புறம் அந்த நாய்க்கு 'கடிக்கிற நாய்' என்று பெயர். அந்தப் பெயரோடு திரும்பி வரும் நாய்க்கு அடுத்த வீடு கிடைப்பது மிகவும் கடினம்.

சொல்லும் விதமும் முக்கியம். 'கொஞ்சம் கோபக்காரி' என்றால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்: தட்டில் வாய் வைத்திருக்கும்போது எத்தனை அடி தூரத்தில் ஆள் வந்தால் உறுமுகிறாள், உறுமுவதோடு நிறுத்திக்கொள்கிறாளா, பல்லைக் காட்டுகிறாளா, யாரையாவது கடித்திருக்கிறாளா. நல்லதையும் இதே மாதிரி சொல்லலாம். உங்கள் கிழ நாயோடு எப்படி இருக்கிறாள், எத்தனை மணி நேரம் தனியாக இருப்பாள் என்பதெல்லாம் ஆறு வாரம் கூடவே இருந்த உங்களுக்குத்தான் தெரியும். இது எந்த அழகான படத்தையும்விடப் பெரிய உதவி.

உறுமலுக்காக அவளைத் திட்டாதீர்கள், தட்டைப் பிடுங்கியும் பழக்காதீர்கள். கிடைத்ததைக் காபந்து பண்ணித்தான் அவள் தெருவில் பிழைத்திருக்கிறாள். 'கிட்ட வராதே' என்று உறுமல் மூலம் முன்கூட்டியே சொல்கிறாள். அதை அடக்கிவிட்டால் எச்சரிக்காமல் கடிக்கப் பழகிவிடும். அவள் உறுமாத தூரத்தில் நின்று, தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டை வீசிவிட்டு விலகிப் போய்விடுங்கள். அவள் உடம்பு விறைக்காமல் இயல்பாக இருந்தால் மட்டும் நாளாக ஆக ஓரடி நெருங்கலாம். மனிதர் வந்தால் நல்லது வருகிறது என்பது அவளுக்குப் புரியப் பல வாரம் ஆகும். அதுவரை சின்னக் குழந்தைகள் உள்ள வீடு அவளுக்கு வேண்டாம். மூவரில் அப்படி ஒருவர் இருந்தால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மறுத்துவிடுங்கள்.

நாளைக்கே வருகிறேன் என்பவரைப் பற்றி: அவசரப்படுவது தவறில்லை. ஆனால் பத்து நாள் பொறுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். உண்மையில் வேண்டும் என்பவர் காத்திருப்பார், இடையில் வந்து அவளைப் பார்த்துவிட்டும் போவார்.

அந்தப் பத்து நாளில் மருத்துவ வேலைகளை முடித்துவிடலாம். வெறிநோய்த் தடுப்பூசி, பார்வோ, டிஸ்டம்பர் போன்ற வைரஸ் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் எல்லாம் ஒரே பதிவேட்டில் இருக்கட்டும். சிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டும்தான், தொலைந்த நாய் இருக்கும் இடத்தை அது காட்டாது. அதனால் அந்த எண்ணுக்கான பதிவில் புதிய வீட்டாரின் தொலைபேசி எண் ஏற வேண்டும். கருத்தடை அறுவைக்கு முன் ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். தெருநாய்களுக்கு உண்ணி மூலம் வரும் எர்லிக்கியா நோய், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும், அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். உங்களிடம் வந்து 42 நாள்தான் ஆகிறது என்பதால் சினையாக இருக்கிறாளா என்பதையும் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, அவள் பல் யார் மேலாவது பட்டிருந்தால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விட்டுவிடாமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தத்தெடுப்பவரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, 'முன்பு வளர்த்த நாய் என்ன ஆயிற்று?' என்பதுதான். வயதாகி இறந்தது என்றால் நிம்மதி. 'எங்கேயோ ஓடிவிட்டது', 'யாருக்கோ கொடுத்துவிட்டோம்' என்றால் இன்னும் கொஞ்சம் கிளறிக் கேளுங்கள். இரவில் எங்கே படுக்கும்? வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள்? வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா? வீட்டில் எல்லாருக்கும் விருப்பமா? கடைசிக் கேள்விக்கான பதிலைப் போனில் நம்பாதீர்கள். வீட்டுக்குப் போய், எல்லாரும் இருக்கும் நேரத்தில் பாருங்கள். வீடு சின்னதா பெரிதா என்பது பொருட்டே இல்லை. கேட்டுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி, மதில் எவ்வளவு உயரம் என்பதை மட்டும் பார்த்து வையுங்கள்.

காரணம், நாய்கள் தொலைவது பெரும்பாலும் கைமாறிய முதல் சில நாட்களில்தான். 'ஓடினாலும் திரும்பி வந்துவிடும்' என்பார்கள். எங்கே திரும்பும்? அந்தத் தெருவே அவளுக்குத் தெரியாதே! கழுத்துப்பட்டை ஒன்று, உடம்போடு பிணைக்கும் ஹார்னஸ் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி வார் போட்டுக் கொண்டுபோங்கள். முதல் சில வாரங்கள் வெளியே எங்கேயும் வாரை அவிழ்க்கக் கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். மூன்று நாளில் பதற்றம் தணியும், மூன்று வாரத்தில் வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்றாகும் என்று மீட்பாளர்கள் ஒரு கணக்குச் சொல்வதுண்டு. விதி என்று இல்லை, ஆனால் வீட்டார் பொறுமை இழக்காமல் இருக்க உதவும்.

ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள்: வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் உங்களிடமே திருப்பித் தர வேண்டும். எழுதிவிட்டு நீங்களும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். மூவருமே பொருந்தவில்லையா, சரி, நான்காவது ஆளுக்குக் காத்திருங்கள். கூடுதலாக ஒரு மாதம் உங்களிடம் இருப்பதால் அவளுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

அனுப்பும் நாளில் அவள் படுக்கும் துணியைத் துவைக்காமல் கூடவே கொடுத்துவிடுங்கள், பழகிய வாசனை துணைக்கு இருக்கும். இப்போது சாப்பிடுவதையே ஒரு வாரத்துக்குக் கொடுக்கச் சொல்லி, மெல்ல மாற்றச் சொல்லுங்கள். துடைப்பம் விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள், அவள் வேறு அறையில் இருக்கும்போது பெருக்கிக்கொள்ளட்டும். ஓடிப்போய்ப் பார்க்க மனசு அடித்துக்கொள்ளும். ஒரு மாதமாவது போகட்டும், அதுவரை படம் அனுப்பச் சொல்லுங்கள்.